அரைப்பேர்க்காரியின் சாட்சியம்

எங்கள் ஊசிக்கல் தோட்டத்துக்கு டீவிக்காரர்கள் இதுவரை இரண்டு தடவைதான் வந்திருக்கிறார்கள். முதல் தடவை, மண் சரிந்து மேட்டு லயத்து வரிசை வீடுகளில் நாலு காம்பரா மண்ணுக்குள் போனபோது. பத்து நிமிடம் நின்று படம் பிடித்துவிட்டு, மழைக்குப் பயந்து இறங்கிவிட்டார்கள். இரண்டாம் தடவை, பெரிய பங்களாவில் கொழும்பு ஹோட்டல் முதலாளி ஒருவர் கழுத்தறுபட்டுக் கிடந்தபோது. அப்போது ஒரு மாதம் எங்களோடேயே குடியிருந்தார்கள். தோட்டப் பள்ளிக்கூடத்து ஆசிரியை என்ற முறையில் என்னையும் பேட்டி எடுத்தார்கள். "ஜெரோமி டீச்சர், இங்க இருக்கப் பயமா இருக்கா?" என்று மைக்கை நீட்டினார் ஒரு தம்பி. "பள்ளிக்கூடத்துக் கூரை எப்ப தலையில விழும்னுதான் பயமா இருக்கு" என்றேன். அதை வெட்டிவிட்டார்கள்.

அந்தக் கொலையைப் பற்றி நாட்டில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும். முதலாளிக்கு ஏழு ஹோட்டல். ஒரு கல்யாணம், ஒன்றரை விவாகரத்து. பங்களா சாப்பாட்டு மேசையின் நீளம் எத்தனை அடி என்பதுகூடத் தெரியும். தெரியாமல் போன ஒரே ஆளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பெயர் அம்மாக்கண்ணு. வயது ஐம்பத்து நாலு. ஏழாம் நம்பர் தேயிலை மலையில் கொழுந்தெடுக்கிறார். என் வீட்டிலிருந்து இரண்டு காம்பரா தள்ளி இருக்கிறார்.

தன் வாழ்க்கையை எழுத அரைப்பக்கம் போதும் என்று அக்காவே சொல்வார். இதே லயத்தில் பிறந்தார். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதினாறு வயதில் இடுப்பில் படங்குத் துணியைக் கட்டிக்கொண்டு மலைக்கு ஏறியவர் இன்னும் இறங்கவில்லை. முப்பத்து மூன்று வயது வரை அவர் எந்த நாட்டின் பிரஜையும் இல்லை. பிறகு சட்டம் வந்து பிரஜையானார். பிரஜையான அன்றைக்கும் கொழுந்துதான் எடுத்தார். புருஷன் செல்லசாமி ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷமாகிறது. ஒரே மகள் கொழும்பில் துணிக்கடையில் நிற்கிறாள். ஒரு ஆடு உண்டு, அது நொண்டும். அந்த நொண்டலுக்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தம் இருக்கிறது.

அக்கா பொய்யே பேசாதவர் என்று சொல்லமாட்டேன். சீனி வருத்தத்துக்கு மாத்திரை போட்டேன் என்று தினமும் என்னிடம் வாய் கூசாமல் பொய் சொல்கிறார். ஆனால் மலையில் நடந்ததை மட்டும் மாற்றிச் சொல்லமாட்டார். அவரால் முடியாது என்பதே சரி. தேதி, மணி எதுவும் அவர் மூளையில் தங்காது. எந்த மலை, எந்த நிரை, முதல் நிறுவைக்கு முந்தியா மூன்றாம் நிறுவைக்கு முந்தியா என்றால், பத்து வருஷத்துக்கு முந்தியதையும் நேற்று நடந்ததுபோல் சொல்வார். கொழுந்தை ஒரு நாளைக்கு மூன்று தடவை நிறுப்பார்கள். அதுதான் அக்காவின் கடிகாரம்.

இனி இக்னேசியஸ். பெரிய பங்களாவில் அவன்தான் சமையல்காரன். பழைய வெள்ளைக்காரத் தொரைமார் இருந்த பங்களா அது. இப்போது கம்பனி அதைக் கொழும்புப் பணக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறது. அங்கே சமைக்கிறவன் என்பதால் இக்னேசியசுக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஜாஸ்திதான். அக்காவின் ஆடு ஒருநாள் பங்களா ரோஜாவை மேய்ந்தது. இக்னேசியஸ் கல்லை விட்டான். ஆட்டின் பின்னங்கால் போனது. அன்றிலிருந்து ஆறு வருஷம் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அவன் பெண்சாதி நிரோஜினி மட்டும் யாருக்கும் தெரியாமல் அக்காவுக்குத் தலையாட்டுவாள்.

கொலை நடந்தது ஜூலை பதினோராம் தேதி. நல்ல மழைக்காலம். முதலாளி தன் அக்காள் மகனோடு முந்தின நாள் வந்திருந்தார். மதியம் சாப்பிட்டதும், இரவுக்கு வல்லாரைச் சம்பல் வேண்டும், அதுவும் மருந்தடிக்காத காட்டு வல்லாரையாக வேண்டும் என்று உத்தரவு போட்டார். பணக்காரர்களுக்கு மலைக்கு வந்தால் இப்படி ஏதாவது வரும். இக்னேசியஸ் சாரத்தை மடித்துக் கட்டி, ரப்பர் செருப்போடு ஏழாம் நம்பர் மலையின் ஓடைக்கரைக்கு இறங்கினான். ஜூலை மாதத்து ஓடைக்கரையில் செருப்போடு கால் வைப்பவனை அட்டை என்ன செய்யும் என்பது எங்கள் பக்கத்துக் கைக்குழந்தைக்கும் தெரியும். பங்களா தரைவிரிப்பில் நடந்து பழகிய அவனுக்கு மறந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் அவன் போட்ட கூச்சலில் மலை முழுவதும் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தது. முழங்கால் வரைக்கும் இரத்தம் வடிய, சாரமெல்லாம் சிவக்க, ஒற்றைக்காலில் குதித்துக்கொண்டிருந்தான். ஓடைப்பக்கத்து ஓரநிரையில் நின்றவர் அக்கா. பேச்சுவார்த்தை இல்லாததால் வாயைத் திறக்காமல், மடியில் அட்டைக்கென்று வைத்திருந்த உப்பு முடிச்சை அவன்மேல் எறிந்தார். பிறகு, வல்லாரை இருக்கிற இடத்தை விரலால் காட்டினார். அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் முளைத்திருந்ததால், அவன் மூன்றாம் நிறுவைக்குச் சங்கு ஊதுகிற வரைக்கும் அங்கேயே குந்தியிருந்து கிள்ளினான். நன்றி சொல்லாமலே போனான்.

அவன் வல்லாரையோடு போய்ப் பார்த்தபோது முதலாளிக்கு வல்லாரை தேவைப்படவில்லை.

சாயங்காலம் பொலிஸ் வந்தது. அதிகாரி நல்ல வெயில் ஊர்க்காரர். அட்டையைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. அவர் கண்டது ஒரு பிணம், சமையலறையில் ஏழு கத்தி, இரத்தம் தோய்ந்த சாரத்தோடு நடுங்கிக்கொண்டிருந்த ஒரு சமையல்காரன். அரை மணி நேரத்தில் வழக்குத் துலங்கிவிட்டது. முதலாளியின் அக்காள் மகனோ, தான் மாடியில் தூங்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். தூங்கியவரை எழுப்பித் தொந்தரவு செய்வது மரியாதை இல்லை என்று அதோடு விட்டுவிட்டார்கள். சாரத்தை ஆய்வுக்கு அனுப்பினார்கள். மூன்று வருஷம் கழித்து அறிக்கை வந்தது: அந்த இரத்தம் இக்னேசியசுடைய சொந்த இரத்தம். அப்பாடா, விட்டுவிடுவார்கள் என்று நினைத்தோம். முதலாளி சாகும் முன் போராடியிருக்கிறார், அதில் இவனுக்குக் காயம்பட்டிருக்கிறது என்று அரச தரப்புச் சொன்னது. அவர்களுக்கு இரத்தம் யாருடையதாக இருந்தாலும் சரிதான்.

நாலு வருஷம் அவன் விளக்கமறியல் சிறையில் கிடந்தான். குற்றம் நிரூபணமானால் மரண தண்டனை. நிரோஜினி கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு வந்தாள். நிரை பிடிக்கத் தெரியாத அவளை அக்கா தன் பக்கத்து நிரையில் நிறுத்திக்கொண்டார். அவளிடமும் இக்னேசியசைத் திட்டுவதை நிறுத்தவில்லை.

மலையில் அன்று நாற்பத்து மூன்று பெண்கள் நின்றார்கள். பொலிஸ் வாக்குமூலம் எடுத்தபோது நாற்பத்து இரண்டு பேர், பனிமூட்டம், ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். பனிமூட்டம் உண்மைதான். ஆனால் காக்கியைக் கண்டதும் அது இன்னும் கொஞ்சம் கெட்டியாகிவிட்டது. அக்கா மட்டும் பார்த்தேன் என்றார். "ஏங்க்கா, அவன்தான் ஒங்களுக்கு ஆகாதே?" என்று கேட்டேன். "ஆகாதவன்னா என்ன, கண்ணு தெரியாமப் போயிருமா?" என்றார்.

இப்போது அரைப்பேர் என்றால் என்ன என்று சொல்லியாக வேண்டும். எங்கள் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு 'பேர்'. பதினெட்டுக் கிலோ கொழுந்து எடுத்தால் செக்ரோல் புத்தகத்தில் உங்கள் பெயருக்கு நேரே ஒன்று என்று விழும். பதினேழரை எடுத்தாலும் அரைதான். காலை ஏழரைக்கு ஏறி மாலை நாலரைக்கு இறங்கியிருப்பீர்கள், மழையில் நனைந்திருப்பீர்கள், அட்டைக்கு இரத்தம் கொடுத்திருப்பீர்கள். அதெல்லாம் புத்தகத்துக்குத் தெரியாது. செடியில் கொழுந்து இல்லாவிட்டால் அது செடியின் குற்றமில்லை, உங்கள் குற்றம். எங்கள் மலையில் இதைப் பெரிதாகப் பேசுகிற ஆளே கிடையாது. ஆனால் இப்படி ஒன்று உண்டு என்று வெளியில் அதிகம் பேருக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதில் கம்பனிக்குத் தனி அக்கறை. தொழிலாளரைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பதாக வெளிநாட்டுக்காரர்கள் கொடுத்த சான்றிதழ் ஒன்று ஒப்பீஸ் சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது.

ஆகவே, சாட்சிக்கு அழைப்பாணை வந்த மறுநாளே அக்காவைத் தோட்ட நிர்வாகியான தொரை கூப்பிட்டு அனுப்பினார். துணைக்கு நானும் போனேன். இளம் தொரை, நல்ல மனுஷன்தான், கம்பனி சொல்லாத எதையும் செய்யமாட்டார். அக்காவை நாற்காலியில் உட்காரச் சொன்னார். முப்பத்தெட்டு வருஷத்தில் அந்த ஒப்பீசில் அக்கா உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"அம்மாக்கண்ணு, நீங்க அன்னைக்கு அரைப்பேர்தானே?" என்றார் தொரை.

"ஆமாங்க தொரை."

"அப்ப மத்தியானமே வீட்டுக்குப் போயிருக்கலாம். நாலு வருஷம் ஆச்சு, ஞாபகம் மாறியிருக்கும். இல்லையா?"

"அரைப்பேர்க்காரி மத்தியானம் வீட்டுக்குப் போவலாம்னு இத்தன வருசமா யாரும் சொல்லலீங்களே தொரை. நாளையில இருந்து போவட்டுங்களா?"

தொரை மேசையிலிருந்த தேத்தண்ணியைக் குடித்தார். தொழிற்சங்கத் தலைவரிடம் விஷயத்தைச் சொன்னோம். வழக்கு முடியட்டும், பேசுவோம் என்றார். நான் பாவாடை சட்டை போட்ட காலத்திலிருந்து அவர் எதையோ முடியட்டும் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இக்னேசியசுக்கு வக்கீல் வைக்க வசதியில்லாததால் நீதிமன்றமே ஒருவரை நியமித்திருந்தது. இல்மா என்று பெயர். ஹட்டன் பெரிய வீதியில் ரெயின்கோட், பூட்ஸ், படங்கு விற்கிற ரிஸ்வி முதலாளியின் மகள். கொழுந்துக்காரப் பெண்களைக் கடையில் பார்த்து வளர்ந்த பிள்ளை. அரைப்பேர் சங்கதி அவருக்கும் தெரியும். ஆனால் நீதிமன்றத்தில் வந்து அதைச் சொல்ல ஒரு உத்தியோகத்தரும் தயாரில்லை. அரச தரப்பு செக்ரோலை வைத்து அக்காவை மடக்கப்போகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க ஆன்ட்டி. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்" என்றார். அக்கா தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் அறிவேன்; மாத்திரை விஷயத்திலும் அப்படித்தான் ஆட்டுவார்.

சாட்சி நாளன்று விடிந்ததும் அக்காவும் நிரோஜினியும் நானும் வட்டகொடைக்கு இறங்கி பஸ் பிடித்தோம். மேல் நீதிமன்ற வாசலில் ஒரே கேமராக் கூட்டம். கறுப்புக் கண்ணாடி போட்ட, முதலாளியின் அக்காள் மகனைச் சுற்றி இருபது பேர். அக்கா நீலச் சேலையும் கையில் ஷொப்பிங் பையுமாக அவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். ஒரு கேமராவும் திரும்பவில்லை. பைக்குள் மத்தியானச் சாப்பாட்டுக்கு ரொட்டியும் சம்பலும் இருந்தன.

அன்று எங்கள் தோட்டத்துச் செக்ரோலை உறையிலிட்டுக் கொண்டுவந்தவர் சிவசாமி கங்காணி. ஏழாம் நம்பர் மலையில் பெண்களை வேலை வாங்குகிறவர். கிழக்குப் பக்கம் தலையைத் திருப்பினால் மேற்குப் பக்கம் யார் குந்துகிறார்கள் என்று கண்டுபிடிப்பார். சாட்சி சொல்ல அல்ல, புத்தகத்துக்குக் காவலாகத்தான் அவரை அனுப்பியிருந்தார்கள். பின்வரிசை வாங்கில் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விசாரணை சிங்களத்தில், நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர். அக்காவுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிப்பதற்கு முன்பே பதில் சொல்லி, இரண்டு தடவை திட்டு வாங்கினார்.

அரச சட்டத்தரணி நல்ல உயரம். குரலில் நெய் ஊற்றியதுபோல் ஒரு வழுவழுப்பு.

"நீங்கள் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு உறவினரா?"

"இல்லீங்க."

"அப்படியானால் நல்ல சிநேகிதம்?"

"அவன எனக்குக் கண்ணுல காட்டக்கூடாதுங்க. என் ஆட்டுக்கால ஒடச்சவன்."

சபையில் சிரிப்பு. கூண்டில் நின்ற இக்னேசியஸ் தலையைக் குனிந்துகொண்டான். இல்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"அவரை எத்தனை மணிக்குக் கண்டீர்கள்?"

"ரெண்டாம் நிறுவை முடிஞ்சி, வெத்தில போட்டு, ரெண்டு நெர எடுத்திருப்பேன். அப்ப வந்தான். மூணாம் நிறுவைக்குச் சங்கு ஊதுனப்பதான் எந்திரிச்சிப் போனான்."

மணிக்கணக்கு என்னவென்று நீதிபதி குறுக்கிட்டுக் கேட்டார். இரண்டாம் நிறுவை பன்னிரண்டரைக்கு, மூன்றாவது நாலரைக்கு என்று குறித்துக்கொண்டார். வைத்தியரின் கணக்குப்படி முதலாளி செத்தது இரண்டுக்கும் நாலுக்கும் நடுவில். அரச சட்டத்தரணி மெல்லச் சிரித்தார். சிவசாமியிடமிருந்து புத்தகத்தை வாங்கி நீதிபதிக்கு முன்னால் விரித்தார். இது தோட்டத்தின் உத்தியோகபூர்வப் பதிவேடு, அன்றன்றைக்கே எழுதப்படுவது, மனிதர் மறந்தாலும் இது மறக்காது என்று ஒரு சின்னப் பிரசங்கம் செய்தார். பிறகு அக்காவிடம் திரும்பினார்.

"ஜூலை பதினொன்று. உங்கள் பெயருக்கு நேரே என்ன இருக்கிறது தெரியுமா? அரை. நீங்கள் அரைநாள் வேலை செய்துவிட்டு மதியத்தோடு வீட்டுக்குப் போய்விட்டீர்கள். உங்கள் வீட்டிலிருந்து ஏழாம் நம்பர் மலையின் ஓடை தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அப்படியானால் இந்த நீதிமன்றத்தில் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்கிறீர்கள்."

நிரோஜினி என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். அந்த ஒரு அரையில் அவளுடைய புருஷன் தொங்கிக்கொண்டிருந்தான். அக்கா அழுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணைச் சுருக்கி அந்தப் புத்தகத்தையே பார்த்தார். இத்தனை வருஷம் தன் பெயரைச் சுமந்த புத்தகத்தை அவர் அவ்வளவு கிட்டத்தில் கண்டதில்லை.

"ஐயா, அந்தப் பொஸ்தகத்த நான் பாக்கலாங்களா?"

"உங்களுக்கு வாசிக்கத் தெரியுமா?" என்றார் அரச சட்டத்தரணி.

"பேரும் அரையும் தெரியுங்க."

நீதிபதி தலையசைத்தார். புத்தகம் சாட்சிக் கூண்டுக்கு வந்தது. அக்கா விரலை வைத்து மேலிருந்து கீழே இறக்கினார். அந்த விரல் முழுவதும் கொழுந்துக்கறை. பக்கத்தின் அடிக்குப் போனதும் விரல் நின்றது.

"ஐயா, இவரு என் வரிய மட்டும் வாசிச்சாரு. நீங்க பக்கத்த முழுசா வாசிங்க. அம்மாக்கண்ணுக்கு அரை. வீரம்மாவுக்கு அரை. அதுக்கடுத்தவளுக்கும் அரை. அன்னைக்கு மலையில நின்ன நாப்பத்திமூணு பேருக்கும் அரைதாங்க. மழையில கொழுந்து இல்ல."

நீதிபதி புத்தகத்தை வாங்கி எண்ணினார். "நாற்பத்து மூன்று பேருமே மதியத்தோடு வீட்டுக்குப் போய்விட்டார்களா?" என்றார்.

"போயிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றார் அக்கா. "கடைசி வரியப் பாருங்க ஐயா. சிவசாமி கங்காணி. அவருக்கு மட்டும் ஒண்ணுன்னு போட்டிருக்கு. நாங்க எல்லாரும் மத்தியானம் வீட்டுக்குப் போயிட்டோம்னா, நாலர மணி வரைக்கும் அவரு யார வேல வாங்குனாரு? தேயிலச் செடியவா?"

அரச சட்டத்தரணி எழுந்தார். சாட்சி பதில்தான் சொல்ல வேண்டும், கேள்வி கேட்கக்கூடாது என்றார். நீதிபதி கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்து, "அது சரி. இனி அந்தக் கேள்வி என்னுடையது" என்றார். பிறகு, சிவசாமி என்பவர் இங்கே இருக்கிறாரா என்று கேட்டார்.

பின்வரிசை வாங்கிலிருந்து சிவசாமி எழுந்தார். தொரையின் ஆள், கம்பனி வீட்டில் இருக்கிறவர், ஓய்வுக்கு இரண்டு வருஷம் பாக்கி. தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் அவருக்குப் பிரச்சினை இல்லை. சத்தியம் செய்தார். முகம் கறுத்துக் கிடந்தது. அது பயம் என்று நான் நினைத்தேன். பயமில்லை, ரோஷம்.

"பன்னிரண்டரைக்குப் பிறகு ஏழாம் நம்பர் மலையில் ஆட்கள் இருந்தார்களா, இல்லையா?"

"இல்லாம எப்புடிங்க ஐயா?" சிவசாமியின் குரல் மலையில் போடுகிற குரலாகவே வந்தது. "முப்பது வருசமா கங்காணியா இருக்கேன். என் மலையில நாலரைக்கு முந்தி ஒருத்தி எறங்குனதில்லீங்க. நானும் விட்டதில்ல. இடி விழுந்தாலும் விடமாட்டேன். யார வேணும்னாலும் கேளுங்க. மத்தியானமே என் மலையக் காலி பண்ணிட்டாங்கன்னு இவரு சொல்றது பெரிய அநியாயங்க!"

"அப்படியானால் ஏன் அரை என்று எழுதினீர்கள்?"

"பதினெட்டுக் கிலோ இல்லீங்களே ஐயா." இது தெரியாத ஒருவர் எப்படி நீதிபதியானார் என்பதுபோல் சிவசாமி பார்த்தார். "எழுதச் சொன்னத எழுதுனேன்."

"இந்தச் சமையல்காரரை அன்று கண்டீர்களா?"

"கண்டேங்க. அட்ட கடிச்சி அவன் ஆடுன ஆட்டத்தப் பாத்துட்டு எல்லாம் வேலைய விட்டுட்டுச் சிரிச்சாளுங்க. நான்தான் சத்தம் போட்டேன். சங்கு ஊதுற வரைக்கும் ஓடையிலதான் குந்தியிருந்தான்."

"இதை ஏன் பொலிஸாரிடம் சொல்லவில்லை?"

"அவங்க கொலையப் பத்தித்தாங்க கேட்டாங்க. அட்டயப் பத்திக் கேக்கல."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிறைய எழுதினார். இல்மா எழுந்து தனக்குக் கேள்வி எதுவும் இல்லை என்று சொல்லி உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்ததுதான் அந்த வழக்கில் அவர் செய்த மிகப் பெரிய கெட்டிக்காரத்தனம் என்று அவரே பிற்பாடு என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

அன்றிரவுச் செய்தியில் இரண்டு சட்டத்தரணிமாரும் வந்தார்கள், அக்காள் மகனின் கறுப்புக் கண்ணாடி வந்தது, நீதிமன்றக் கட்டடம் நாலு பக்கமிருந்தும் வந்தது. அக்கா வரவில்லை. யூடியூப்பில் மட்டும் ஒருவன், 'அட்டைக்கடி ஆன்ட்டி' என்று தலைப்புப் போட்டு வேறொரு பெண்ணின் படத்தை வைத்திருந்தான்.

மூன்றாம் வாரம் தீர்ப்பு. சாட்சி அம்மாக்கண்ணு அன்று முழுநாளும் மலையில் வேலை செய்தார் என்பதை மன்று நம்புகிறது, இக்னேசியஸ் நிரபராதி. அப்படியானால் கொன்றது யார் என்று யாரும் கேட்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்தவர் அதற்குள் வெளிநாடு போய்விட்டாராம்.

விடுதலையான மறுநாள் சாயங்காலம் இக்னேசியஸ் அக்காவின் வாசலில் வந்து நின்றான். பாதியாக மெலிந்திருந்தான். "அக்கா" என்றான். தேம்பித் தேம்பி அழுதான். அக்கா அவன் காலைப் பார்த்தார். "இன்னும் அதே செருப்பா? பூட்ஸ் வாங்குடா" என்றார். பிறகு உள்ளே போய்த் தேத்தண்ணி வைத்தார். அவனோடு பேச்சுவார்த்தை தொடங்கியது அப்படித்தான். ஆட்டுக்கால் விவகாரம் மட்டும் இன்றுவரைக்கும் மன்னிக்கப்படவில்லை.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் இல்மா போனில் ஒரு வார்த்தை சொல்லி வைத்தார்: அரச தரப்பு மேன்முறையீடு செய்யக்கூடும், அக்காவின் சாட்சியத்தில் ஓட்டை இருக்கிறதா என்று துருவுவார்கள்.

அந்த வாரம் சம்பளத் துண்டு வந்தது. வழக்கம்போல அக்கா வாசித்துச் சொல்ல என்னிடம் கொண்டுவந்தார். இருபத்திரண்டு பேர் என்று வாசித்தேன். அக்கா விரலை மடக்கி, எந்தெந்த நாள் எந்தெந்த மலை என்று முணுமுணுத்தார். "இருவத்தியொண்ணுதான் டீச்சர் வரும்" என்றார். "ஒண்ணு கூட விழுந்தா வாயை மூடிக்கிட்டு இருங்கக்கா. எத்தன நாள் கொறச்சிருக்காங்க!" என்றேன். அக்கா எந்த நாள் என்று பார்க்கச் சொன்னார். பார்த்தேன். சாட்சி சொல்லப் போன நாள். ஏழாம் நம்பர் மலை, பதினெட்டுக் கிலோ, முழுப்பேர்.

அக்காவின் முகம் வெளுத்துப்போனது. நீதிமன்றத்தில் பொய்க்காரி என்றபோதுகூட அப்படி வெளுக்கவில்லை.

மறுநாள் காலை ஒப்பீசுக்குப் போனோம். பெரிய கிளாக்கர் செக்ரோலை விரித்தார். மறைக்கவும் இல்லை. "தொரைதான் போடச் சொன்னாரு. கோர்ட்டுக்குப் போற ஆளு சந்தோசமாப் போகட்டும்னு. காலையில ஏழரைக்கே போட்டுட்டேன்" என்றார். காலை ஏழரைக்கே பதினெட்டுக் கிலோ.

"அத வெட்டுங்க ஐயா" என்றார் அக்கா.

"போட்ட பேர வெட்டச் சொல்ற மொத ஆளு நீதான் அம்மாக்கண்ணு. வெச்சுக்க."

"வேணாங்க. இந்தப் பொஸ்தகம் மறுபடியும் கோர்ட்டுக்குப் போனா என்ன ஆவும்? அன்னைக்கு நான் மலையில பதினெட்டுக் கிலோ எடுத்தேன்னு இதுல இருந்தா, கூண்டுல நின்னு சாட்சி சொன்னவ யாருன்னு கேப்பாங்க. அந்தப் பயல மறுபடியும் உள்ள தள்ளவா? வெட்டுங்க."

கிளாக்கர் என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த சான்றிதழைப் பார்த்தேன். அவர் பெருமூச்சு விட்டு, சிவப்புப் பேனாவால் அந்த ஒன்றை வெட்டி, பக்கத்தில் 'வரவில்லை' என்று எழுதினார். அக்கா அதன் கீழ் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு. அந்த மாதம் முழுவதிலும் அக்காவின் பெயருக்கு நேரே எழுதப்பட்ட பச்சை உண்மை அது ஒன்றுதான். அதற்கும் நாங்கள் போய் நிற்க வேண்டியிருந்தது.

பேனாவைக் கொடுக்காமல் அக்கா நின்றார். "அப்புடியே இன்னொரு கையெழுத்தும் போட்டுட்டுப் போறேங்க. நாலு வருசத்துக்கு முந்தி, ஜூலை பதினொண்ணு. அன்னைக்கு நான் முழுநாளும் மலையில நின்னேன்னு நீதிபதி ஐயாவே எழுதிட்டாரு. அந்த அரைய முழுசாக்குங்க."

கிளாக்கர் முதல் தடவையாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்தப் புத்தகம் இங்க இல்ல அம்மாக்கண்ணு. அது சாட்சிப் பொருள். கோர்ட்டுல பூட்டி வெச்சிருக்காங்க. இனி அதுல யாரும் கை வைக்க முடியாது."

அக்கா பேனாவை மேசையில் வைத்தார். வெளியே வேலைக்குச் சங்கு ஊதியது. கூடையை எடுத்துக்கொண்டு ஏழாம் நம்பர் மலைக்கு ஏறினார், பிந்தினால் கிலோ சேராது, அரைப்பேர்.